மகனுக்கு: அந்த மண்டை ஓட்டுச் சட்டை பற்றி

கோவில்பட்டி

அன்புள்ள செல்வாவுக்கு,

பெரியம்மா மகன் கொண்டுவந்து கொடுத்த பார்சல் நல்லபடியாக வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு ஸ்வெட்டர் கச்சிதம். கோவில்பட்டி வெயிலில் அதை எப்போது போடுவாள் என்று மட்டும் கேட்காதே. எனக்கு அனுப்பிய கறுப்பு டி-சர்ட்டும் அளவு சரிதான். ஆனால் நான் அதைப் போடப்போவதில்லை. காமிக்ஸ் பைத்தியமான அப்பாவுக்கு காமிக்ஸ் படம் போட்ட சட்டை என்று நீ ஆசையாக எடுத்தது தெரியும். அதனால்தான் பேசாமல் பீரோவில் மடித்து வைத்துவிடாமல் காரணத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் அரசியல் எழுதாதீர்கள், பிள்ளை அமெரிக்காவில் விசாவில் இருக்கிறான் என்று அம்மாவின் தடை உத்தரவு வேறு.

சட்டையில் இருக்கும் மண்டை ஓடு, மார்வெல் கம்பெனியின் காமிக்ஸ் ஆளான பனிஷருடையது. பற்கள் நீளநீளமாக இறங்கி இடுப்பு பெல்ட் வரை வருகின்றனவே, அந்த வடிவம் ஓவியர் ஜான் ரொமிட்டாவின் கைவண்ணம். பார்க்க அசத்தலாகத்தான் இருக்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. 1974-ல் அமேசிங் ஸ்பைடர்மேன் 129-ஆம் இதழில் ஜெர்ரி கான்வே எழுதிய கதையில் அவன் முதலில் வந்தான். பிற்பாடு சொல்லப்பட்ட கதைப்படி, ஃபிராங்க் கேஸில் என்ற முன்னாள் ராணுவ வீரன். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ரவுடிக் கும்பல் சுட்டதில் மனைவி மக்களைப் பறிகொடுத்தவன். அப்புறம் அவனுக்கு போலீஸும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம். குற்றவாளி என்று மனதில் பட்டால் சுட்டுத் தள்ளுவதுதான் வேலை.

சட்டை போடுகிறவர்கள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த முதல் கதையில் அவன் கொல்லத் துரத்துவது யாரை? ஸ்பைடர்மேனை. ஸ்பைடர்மேனின் எதிரியான நார்மன் ஆஸ்போர்னைக் கொன்றது ஸ்பைடர்மேன்தான் என்று நம்பித் துரத்துகிறான். கொன்றது அவனில்லை. சில மாதம் முன்பு வந்த இதழில் ஆஸ்போர்ன் எப்படிச் செத்தான் என்று வாசகன் கண்ணால் பார்த்தாகிவிட்டது. பனிஷர் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை! அறிமுகமாகும்போதே தப்பான ஆளின் பின்னால் ஓடுகிற ஒருவனைத்தான் கான்வே படைத்தார்.

அந்த மண்டை ஓட்டை முதலில் இராக்கில் இருந்த அமெரிக்க வீரர்கள் சிலர் வண்டியில் வரைந்துகொண்டார்கள். பிறகு உங்கள் ஊர்களில் போலீஸ் கார்களில் ஸ்டிக்கராக வந்தது. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான கேப்பிடல் கட்டடத்துக்குள் புகுந்த கூட்டத்திலும் அதைப் பார்த்தோம். கான்வே நொந்துபோனார். போலீஸ் வண்டியில் அதை ஒட்டுவது அரசுக் கட்டடத்தில் அடிமைமுறை ஆதரவாளர்களின் கொடியை ஏற்றுவது மாதிரி என்கிற அளவுக்குப் பேசினார். 2019-ல் மார்வெலே அதை வைத்து ஒரு காட்சி வரைந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் பனிஷரைப் பார்த்ததும் சினிமா நடிகரைக் கண்ட ரசிகர்களைப் போலக் குதூகலமாகி, காரில் ஒட்டியிருக்கும் மண்டை ஓட்டைக் காட்டுகிறார்கள். அவன் அதைப் பிய்த்து எறிகிறான். நீங்கள் சட்டத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்தவர்கள், நான் செய்வதை நீங்கள் செய்யக்கூடாது, முன்மாதிரி வேண்டுமென்றால் கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்கிறான். தன் படத்தைத் தானே கிழித்த ஹீரோவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இது அமெரிக்கச் சங்கதி, நமக்கென்ன என்று நினைக்காதே. 2020 ஜூனில் நீ இங்கேதான் இருந்தாய். சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த அப்பாவையும் மகனையும், ஊரடங்கில் நேரம் தாண்டிக் கடை திறந்ததாகச் சொல்லி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு அடைத்தது நம் ஊர் கிளைச் சிறையில். உயிர் போனது நம் ஊர் அரசு ஆஸ்பத்திரியில். அந்த வாரம் தெருவில் பேசியது உனக்கும் நினைவிருக்கும். அதற்குச் சில நாள் கழித்து இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை விட்டார்: காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக இன்று வேதனைப்படுகிறேன் என்று. கான்வேயும் ஹரியும் ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்கள். இரண்டு பேருக்கும் வந்தது ஒரே வலி. நம் தியேட்டர்களில் என்கவுன்டர் காட்சிக்கு விழுகிற விசிலை நினைத்தால் ஹரி சொன்னது பாதிப் பேருக்குக் காதில் விழவில்லை என்றுதான் தோன்றுகிறது.

இப்போது நீ கேட்பாய்: உங்கள் கௌபாய் ஹீரோ டெக்ஸ் வில்லர் மட்டும் என்னவாம்? சிவகாசி லயன் காமிக்ஸிலிருந்து குண்டு குண்டாக புக் வந்தால் சோறு தண்ணி இல்லாமல் படிக்கிறீர்களே, அவர் விசாரணையே தாடையில் விடும் குத்திலிருந்துதானே தொடங்குகிறது? நியாயமான கேள்விதான். இரும்புக்கை மாயாவி கூட ஆரம்பத்தில் திருடப்போனவன், ஸ்பைடரோ (ஸ்பைடர்மேன் இல்லை, வேறு ஆள்) குற்றச் சக்கரவர்த்தியாக வந்தவன். நம் ஆட்கள் யாரும் யோக்கியர்கள் இல்லை.

என் பதில் இது. கதையில் டெக்ஸ் ஒருவனைக் குத்துகிறபோது அவன் முன்பே என்ன செய்தான் என்று ஓவியர் நமக்குக் காட்டிவிட்டார். நவஜோ பழங்குடிகளுக்குக் கெட்டுப்போன மாவை விற்றவன், ராத்திரியில் பண்ணைக்குத் தீ வைத்தவன். முகத்தைக்கூட பெரிதாக வரைந்து காட்டியாகிவிட்டது. அதனால் குத்து விழுந்ததும் நமக்கு இனிக்கிறது. நிஜத்தில் அந்தப் பக்கம் யாரிடமும் கிடையாது. அது கிழிந்துபோனதா, எழுதப்படவே இல்லையா என்று தேடிப் பார்க்கத்தான் எஃப்.ஐ.ஆர்., சாட்சி, வக்கீல், வாய்தா என்று இத்தனை இழுவை. எரிச்சலாகத்தான் இருக்கும். தீப்பெட்டி ஆபீஸ் கணக்கில் இருந்த காலத்தில் ஒரு சின்ன வழக்குக்காகக் கோர்ட் வராந்தாவில் நானும் காத்துக் கிடந்திருக்கிறேன். ஆனால் "நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டேன், நம்பு" என்று ஒருவர், அதுவும் அதிகாரத்தில் இருக்கிறவர் சொன்னால், காமிக்ஸ் படிக்கிறவன் முதலில் உஷாராக வேண்டும். டெக்ஸையே எடுத்துக்கொள். 1948-ல் அவர் கதை தொடங்கும்போது அவரே தேடப்படும் ஆள். ரத்தப் படலம் காமிக்ஸின் ஹீரோ நிலை இன்னும் மோசம். ஜனாதிபதியைச் சுட்டவன் என்று நாடே துரத்துகிறது, ஞாபகம் போய்விட்டதால் நான் சுடவில்லை என்று அவனாலேயே அடித்துச் சொல்ல முடியாது. அவனுக்கு எதிராக இருப்பது கழுத்துக்குக் கீழே பச்சை குத்திய பதிமூன்று என்ற எண்.

பச்சை குத்தியதை வைத்து ஆளைத் தீர்மானிப்பது கதையில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். 2025 மார்ச்சில் ட்ரம்ப் அரசு இருநூறுக்கும் மேற்பட்ட வெனிசுலாக்காரர்களை விமானத்தில் ஏற்றி எல் சால்வடோர் சிறைக்கு அனுப்பியது. அவர்களில் பலரை அனுப்ப 1798-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தார்கள். அவர்களுக்கு விசாரணை கிடையாது. பலர் விஷயத்தில் ரவுடிக் கும்பல் ஆள் என்பதற்குக் காட்டிய அடையாளங்களில் உடம்பில் இருந்த பச்சையும் ஒன்று. அதே நாளில் போன இன்னொருவர், எல் சால்வடோர்காரர், தவறுதலாக அனுப்பப்பட்டவர் என்று அரசே கோர்ட்டில் ஒத்துக்கொண்டது. அந்த வெனிசுலாக்காரர்கள் அங்கே அடைபட்டிருந்தபோதே, ஜூலையில், வெள்ளை மாளிகை ஒரு போஸ்டர் வெளியிட்டது. நீயும் பார்த்திருப்பாய். சூப்பர்மேன் உடையில் ட்ரம்ப். படம் தியேட்டருக்கு வரும் வாரம். படத்தின் இயக்குநர் ஜேம்ஸ் கன், இது வேறிடத்திலிருந்து வந்து குடியேறியவனின் கதை என்று பேட்டியில் சொன்னதற்கு அந்த அணிக்காரர்கள் குதித்துக்கொண்டிருந்த நேரமும் அதுதான்.

சூப்பர்மேனின் முதல் கதை 1938-ல் வந்தது. எழுதிய ஜெர்ரி சீகலும் வரைந்த ஜோ ஷூஸ்டரும் குடியேறிய யூதக் குடும்பத்துப் பையன்கள். 130 டாலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்து ஏமாந்தது தனிச் சோகம். அந்தக் கதையின் தொடக்கத்தில் அவன் என்ன செய்கிறான் தெரியுமா? கிரகத்தைக் காப்பாற்றவில்லை. செய்யாத கொலைக்காக ஒரு பெண் அன்றிரவு மின்சார நாற்காலியில் சாகப்போகிறாள். உண்மையான கொலைகாரியைக் கட்டித் தூக்கி வந்து கவர்னர் வீட்டுத் தோட்டத்தில் போட்டுவிட்டு, கதவைப் பெயர்த்து, இரும்புக் கதவையும் உடைத்து, கவர்னரின் படுக்கையறை வரை போய் அவளுடைய ஒப்புதல் வாக்குமூலத்தை நீட்டுகிறான். எவ்வளவு சக்தி இருந்தும் அவன் தண்டனையைத் தானே ரத்து செய்யவில்லை பார். காணாமல்போன பக்கத்தை, கையெழுத்துப் போட வேண்டியவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். அந்த உடையைத்தான் விசாரணை வேண்டாம் என்கிறவர் போட்டுக்கொண்டார்.

சரி, உன் கட்சிக்கும் வருகிறேன். நேபாளத்தில் அரசை எதிர்த்துப் போராடிய இளைஞர்கள் கையில், உன் ஜப்பான் காமிக்ஸ் 'ஒன் பீஸ்' ஹீரோ லுஃபியின் கொடி, வைக்கோல் தொப்பி போட்ட மண்டை ஓட்டுக் கொடி, பறந்தபோது "பாத்தீங்களாப்பா, எங்க ஆளு" என்று ராத்திரியில் போன் செய்தாயே. எனக்கும் சந்தோஷம்தான். இந்தோனேசியாவில் சுதந்திர தினத்துக்கு தேசியக் கொடி ஏற்றுங்கள் என்று ஜனாதிபதி சொல்ல, லாரிக்காரர்கள் லுஃபி கொடியைக் கட்டிக்கொண்டு ஓட்டியது நல்ல குசும்பு. மடகாஸ்கரில் அந்த மண்டை ஓட்டுக்குத் தங்கள் ஊர்த் தொப்பியையே மாட்டிவிட்டார்கள். இவர்களெல்லாம் கதையைப் படித்தவர்கள். நீ விட்டுப்போன புத்தகங்களை வலமிருந்து இடமாகப் புரட்டிக் கழுத்து வலி வந்தாலும், ராபின் கதை வரை நான் படித்துவிட்டேன். எட்டு வயதுப் பெண்பிள்ளை தலைக்குக் கோடிக்கணக்கில் விலை வைத்து, பிசாசுக் குழந்தை என்று போஸ்டர் ஒட்டுகிறது உலக அரசு. லுஃபி அந்த அரசின் கொடியை எரிக்கச் சொல்வது அவளுக்காக. அதை எழுதி வரையும் ஓடா கெட்டிக்காரர்.

ஆனால் நேபாளத்தில் முதல் நாள் போலீஸ் சுட்டு 19 பேர் செத்த கோபத்தில், மறுநாள் காத்மாண்டுவில் அரசுத் தலைமைச் செயலகமான சிங்க தர்பாரோடு உச்ச நீதிமன்றமும் எரிந்தது. வழக்குக் கட்டுகள் எத்தனை போயிருக்கும்! சுட உத்தரவு போட்டது யார் என்று நாளைக்கு நிரூபிக்கவும் ஒரு கோர்ட் வேண்டும். எரித்தது கொடி பிடித்த பிள்ளைகளா, கூட்டத்தில் புகுந்தவர்களா என்று அந்த ஊரிலேயே சச்சரவு. அந்தப் பிள்ளைகளின் கோபத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த விஷயத்தில் நீ அவர்களுக்கு ஆஜராகி வாதாடினால் நான் எதிர்த் தரப்புத்தான்.

நம் ஊரில் நடிகர் கட்சி ஆரம்பித்ததைப் பற்றி அப்பா என்ன நினைக்கிறார் என்று உன் அறைக்காரத் தம்பி கேட்டானாமே. அதற்கு இந்தத் தாள் போதாது, தனியாக எழுதுகிறேன்.

பனிஷர் ஸ்டிக்கரைக் கிழிக்கிற இதழ் 2018-ல் தொடங்கிய வரிசையில் 13-ஆவது. அங்கே பழைய காமிக்ஸ் கடை இருந்தால் விசாரித்துப் பார். விலை அதிகம் சொன்னால் விட்டுவிடு. வருஷ சந்தா சிவகாசிக்குக் கட்டியாயிற்று, உன் பெயரிலும் சேர்த்து. டெக்ஸை ஒரு கை பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, ஆனால் அம்மா பேசி முடித்த பிறகு.

அன்புடன்,
அப்பா