கோட்டிங்கனில் கைபிடித்துக் கற்பித்தவருக்கு நன்றி

எர்வின் நேயர், பெர்ட் சக்மான் என்ற அறிவியலாளர்கள் 1976-இல், செல் சவ்வில் மின்னூட்டத் துகள்கள் கடக்கும் நுண்வழியான அயனித்தடம் ஒன்றே ஒன்றின் மின்னோட்டத்தை அளந்து, அதற்காக 1991-இல் நோபல் பரிசு பெற்ற, ஜெர்மனியின் கோட்டிங்கன் நகருக்கு, ஆறு மாதப் பரிமாற்ற மாணவனாக நரம்பணு ஆய்வு பழக வந்த எனக்கு, பெயர் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஆய்வக உதவியாளர் அம்மையார் ஒருவர் செய்த உதவியை மறக்க இயலாது.

முதல் மூன்று வாரங்கள் ஒரு செல்லிலும், அந்த மின்னோட்டத்தை அளக்க இறுக ஒட்ட வேண்டிய என் கண்ணாடி நுண்குழாய் ஒட்டவில்லை. அவர் அருகில் அமர்ந்து, ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவேயான குழாய்முனை பட்டுச் செல்லில் சிறு குழி விழுந்ததும், நுண்குழாயோடு இணைந்த ரப்பர் குழலை உதட்டில் வைத்து மெல்ல மூச்சிழுக்கச் சொன்னார். திரையில் மின்தடை ஒரு கிகா ஓமை (நூறு கோடி ஓம்) தாண்டி, குழாய் இறுக ஒட்டிவிட்டதைக் காட்டிய நொடியில் தோளைத் தட்டினார். இந்தப் பக்குவம் எந்தக் கையேட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும் என்று நினைவூட்டி, நகராட்சி அலுவலகத்துக்கு உடன் வந்தவரும் அவரே. அம்மா, உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி.