அவளை எல்லாம் சொல்ல வைக்காதே

அன்புள்ள கவிதா,

நீ அனுப்பிய நாவலை நேற்று ராத்திரி படித்து முடித்தேன். கனடாவின் ஸ்கார்பரோ அபார்ட்மெண்ட், லிஃப்டில் தன் புடவையில் தாளித்த வாசனை வருமோ என்று உன் நாயகி ஒதுங்கி நிற்பது, எல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் பன்னிரண்டாம் அத்தியாயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முள்ளிவாய்க்காலில் நடந்ததைத் தோழியிடம் ஒரே ராத்திரியில் முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறாள், அழுகிறாள், மறுநாளிலிருந்து நன்றாகத் தூங்குகிறாள். அப்படி நடக்காதும்மா.

நம் மாடியில் குடியிருந்த வவுனியா அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும். 1990-ல் படகேறி வந்து, மண்டபம் முகாமில் இருந்து, அப்புறம் வளசரவாக்கம் வந்தவர். எப்போது பேசினாலும் விட்டுவந்த தையல் மெஷினைப் பற்றித்தான், "மூடி போடாமல் வந்திட்டன்" என்பார். கணவர் செத்ததை ஒரே ஒரு தடவை, அம்மாவோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவும்போது, பாதி வாக்கியமாகச் சொன்னார். அம்மா நிமிர்வதற்குள் கேஸ் புக் பண்ணியாச்சா என்று கேட்டுவிட்டார்.

பெரிய அதிர்ச்சியை மனசு பல நேரம் கதையாகச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு சத்தம், ஒரு வாசனை என்று துண்டு துண்டாகத்தான் தங்குகிறது, தேதி நிற்காது. ஆனால் புகலிடம் கேட்டுப் போகிறவளிடம் அதிகாரி கேட்பதே தேதியும் வரிசையும்தான், போன தடவை சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்துவரவில்லை என்றால் பொய் சொல்கிறாள் என்று சந்தேகம். ஈழத்து எழுத்தாளர் ஷோபாசக்தி தன் 'கொரில்லா' நாவலை (2001) ஒரு அகதி விண்ணப்பத்தோடு ஆரம்பித்தது சும்மா இல்லை. வரிசையாகச் சொல் என்று ஒரு ஆபீஸ் அவளை ஏற்கெனவே வாட்டியாயிற்று, உன் நாவலும் அதையே கேட்கலாமா?

அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பேசேஜ் நார்த்' (2021) நாவலில் வரும் ராணியைப் பார். இரண்டு மகன்களையும் போரில் பறிகொடுத்தவள், மின் அதிர்ச்சி சிகிச்சை எடுக்கிறாள், கொழும்பில் ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கொஞ்சம் தேறுகிறாள். கொஞ்சம்தான். அவள் குணமாகிவிட்டாள் என்று அந்த நாவல் எங்கேயும் நமக்குச் சமாதானம் சொல்வதில்லை.

உன் நாவலின் உயிர் வேறொரு இடத்தில் இருக்கிறது, நீ அதை இரண்டே பக்கத்தில் தாண்டிவிட்டாய். தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போகிறாள், இங்கிலீஷ் வராததால் மகன்தான் நடுவில் உட்கார்ந்து பேசுகிறான். பதினோரு வயசுப் பையன். அவனுக்குத் தெரியக் கூடாது என்று எதை மூடி வைத்தாளோ அதை அவன் வாயாலேயே டாக்டருக்குச் சொல்ல வேண்டும், அதனால் தலைவலி என்று மட்டும் சொல்லிவிட்டு மாத்திரையோடு வருகிறாள். வீட்டுக்குள்ளேயே அவள் தனியாகிப்போவது அங்கேதான் தெரிகிறது. பஸ்ஸில் திரும்பும்போது அவன் அவளிடம் என்ன கேட்டான்? அவனுக்கு எவ்வளவு தெரியும்? அதை எழுதும்மா.

பன்னிரண்டை எடுத்துவிட்டு அந்த அறைக்குத் திரும்பிப் போ. எழுதினதும் அனுப்பு, அம்மாவுக்கு நான் படித்துக் காட்டுகிறேன், அவளும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா