குன்னூர் பிளம்ஸ், சென்னை ஜெல்லி

குன்னூர்,
மே கடைசி வாரம்

அன்புள்ள கண்ணு,

ஜெல்லி உறையவே இல்லை, ரசம் மாதிரி ஓடுகிறது என்றாய். ரம் ஊற்றியதுதான் காரணம் என்று நீயே தீர்ப்பும் சொல்லிவிட்டாய். ரம் மேல் பழி போடாதே. பச்சை அன்னாசியை நறுக்கிப் போட்டேன் என்றாயே, அதுதான் வேலையைக் காட்டியிருக்கிறது. ஜெலட்டின் ஒரு புரதம். அன்னாசியில் புரதத்தை அறுக்கும் நொதி உண்டு. அது உள்ளே போனால் பாக்கெட் பாக்கெட்டாக ஜெலட்டின் கொட்டினாலும் பிடிக்காது. பப்பாளி, கிவி, அத்திப்பழம், பச்சை இஞ்சி எல்லாமே அதே சாதிதான். துண்டு போட்டு, கொதி வந்தபின் ஐந்து நிமிடம் வேகவிட்டு, ஆறவைத்துப் போடு. வெந்துவிட்டால் நொதி செத்துவிடும். டின் அன்னாசி ஏற்கெனவே வெந்ததுதான், அப்படியே போடலாம்.

இரண்டாவது காரணம் உன் ஊர் வெயில். டிசம்பரில் இங்கே சமையல் மேடையில் வைத்தாலே ராத்திரிக்குள் உறைந்துவிடும். இங்கே போடும் ஜெலட்டின் அளவையே அங்கே போட்டால் தட்டில் கவிழ்த்த கொஞ்ச நேரத்தில் குளமாகிவிடும். உறைந்த ஜெலட்டின் 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், 35-ல் முழுக்க உருகிவிடும். இங்கே அரை லிட்டருக்கு 10 கிராம் போதும், உனக்கு 15 கிராம் வேண்டும். தராசு வாங்கு, கண்ணு. ஸ்பூன் கணக்கை நம்பாதே, தலைதட்டிப் போட்டால் ஒன்று, குவித்துப் போட்டால் ஒன்று.

இனி அளவு. மொத்தம் அரை லிட்டர் என்று வை. 15 கிராம் ஜெலட்டினுக்கு 75 மில்லி குளிர்ந்த தண்ணீர். கிண்ணத்தில் தண்ணீரை முதலில் ஊற்றி, மேலே தூளைப் பரவலாகத் தூவு. தூளின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெளியே ஈரம், உள்ளே காய்ந்த கட்டி. அந்தக் கட்டி கடைசி வரை கரையாது. பத்து நிமிடத்தில் ஊறிய ஜவ்வரிசி போல உப்பி நிற்கும்.

அரைக் கிலோ பிளம்ஸைக் கொட்டை நீக்கித் தோலோடு போடு, நிறம் தோலில்தான் இருக்கிறது. 250 மில்லி தண்ணீரும் 130 கிராம் சர்க்கரையும் சேர்த்து, சின்ன தீயில் பத்து நிமிடம். வெள்ளைத் துணியில் தானாக வடியவிடு. பிழிந்தால் கலங்கிவிடும். ஒயின் போடுவதானால் இந்தச் சாறு 225 மில்லி, ஒயின் 200. ரம் போடுவதானால் சாறு 325, ரம் 100. ஊறவைத்த தண்ணீரும் கணக்கில் சேர்ந்து அரை லிட்டர் வந்துவிடும். நம்ம ஊர் ரம் 42.8 சதவீதம், ஒயின் சுமார் 12. ரம்மை 150 மில்லி வரை கூட்டலாம். பாதிக்குப் பாதி ஊற்றினால் ஜெல்லி தளர்ந்துபோகும், நாக்கில் எரிச்சல்தான் மிச்சம்.

வடிந்த சாற்றைச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, ஊறிய ஜெலட்டினைப் போட்டுக் கிளறு. மறுபடி கொதிக்கவிடாதே. பிளம்ஸ் புளிப்பு, புளிப்போடு கொதித்தால் ஜெலட்டின் வலுவிழக்கும். கரண்டியின் முதுகில் ஒரு மணி கூடத் தெரியாமல் கரைந்ததும் ஆறவிடு. விரலை உள்ளே விட்டு வைத்திருக்க முடிகிறதா, அப்போதுதான் மதுவை ஊற்று. ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதித்துவிடும், சூட்டில் ஊற்றினால் வாசனையும் வேகமும் ஆவியோடு போய்விடும். ஊறிய ஜெலட்டினில் ரம்மை நேராக ஊற்றிவிடாதே, நூல் நூலாகத் திரிந்துகொள்ளும்.

சிவப்பு ஒயின் கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தால் பதறாதே. அதன் துவர்ப்பு ஜெலட்டினைப் பிடித்துக்கொள்வதால் வருவது அது. கண்ணாடி போல வேண்டுமானால் வெள்ளை ஒயின்தான்.

பழம் மேலே மிதக்கிறது என்றாயே, அது அவசரத்தால் வருவது. அச்சில் ஒரு சென்டிமீட்டர் ஊற்றி ஃப்ரிட்ஜில் வை. தொட்டால் விரலில் ஒட்டவேண்டும், ஆனால் ஓடக்கூடாது. அந்தப் பதத்தில் பழத்தை அடுக்கி, ஆறிய மீதியை ஊற்று. சூடாக ஊற்றினால் அடி கரையும். அடி ரொம்பக் கெட்டியாகிவிட்டால் கவிழ்க்கும்போது இரண்டும் வழுக்கிப் பிரியும். மது சேர்ந்தது மெதுவாகத்தான் உறையும், ராத்திரி முழுக்க விட்டுவிடு. அவசரத்துக்கு ஃப்ரீசரில் வைத்தால் பிறகு தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். கவிழ்க்கும்போது அச்சை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து விநாடி, அதற்கு மேல் வேண்டாம்.

அன்னாசி இல்லாமலேயே தளர்ந்துபோனால் காப்பாற்றலாம். பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கி, இன்னும் 4 கிராம் ஊறவைத்துக் கரைத்துச் சேர். அன்னாசி தின்றதை எதுவும் மீட்காது, ஐஸ் போட்டுக் குடித்துவிடு.

சைவ நண்பர்களுக்கு இதைக் கொடுக்காதே. ஜெலட்டின் மாட்டு, பன்றித் தோல் எலும்பிலிருந்து வருவது, சொல்லாமல் கொடுப்பது பாவம். அவர்களுக்கு ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசியில் செய்த சைனா கிராஸ் தூள், அரை லிட்டருக்கு 4 கிராம். இதை மட்டும் சாறோடு ஐந்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடவேண்டும். மதுவை வெதுவெதுப்பாக்கி ஊற்று, குளிர்ச்சியாக ஊற்றினால் அங்கேயே திட்டுத்திட்டாகிவிடும். உன் மே மாதத்தில் மேசை மேல் நிற்பதும் இதுதான், ஆனால் அந்தத் துள்ளல் வராது, விண்டுபோகும்.

இன்னொன்று. நூறு மில்லி ரம்மைப் பத்துக் கிண்ணமாக்கினால் கிண்ணத்துக்குப் பத்து மில்லி. இனிப்பு அதை மறைத்துவிடும், நாலைந்தை முழுங்கிவிட்டு வண்டி எடுப்பவர்கள் உண்டு. எண்ணிக் கொடு. குழந்தைகள் வரும் வீடென்றால் அவர்களுக்கு வேறு நிறத்தில், வேறு தட்டில் செய்துவிடு.

பெட்டியில் நாலு கிலோ பிளம்ஸ் பஸ்ஸில் போட்டிருக்கிறேன். வந்ததும் கொட்டிப் பிரி. அடியில் நசுங்கியது சாறுக்கு, மேலே கெட்டியாக இருப்பது அடுக்குவதற்கு.

அம்மா