ஆரணியில் கடை திறக்கும் நண்பனுக்கு

காஞ்சிபுரம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் கடையின் வரைபடமும் கிடைத்தன. அப்பா தறி போட்டு உட்கார்ந்த வீட்டின் முன்பக்கத்தையே பட்டுக்கடையாக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மகளுக்கு ஏழாம் மாதம், அடுத்த வாரம் வளைகாப்பு. நீயும் தங்கச்சியும் கட்டாயம் வர வேண்டும்.

சரி, கடைக்கு வருகிறேன். கண்ணாடி முகப்பு, சரவிளக்கு, ஏசி எல்லாம் வரைந்திருக்கிறாய். வந்தவர்கள் எங்கே உட்காருவார்கள் என்பதுதான் படத்தில் இல்லை. கல்யாணப் பட்டெடுக்க ஒரு ஆளா வருகிறார், ஒரு வேனே வருகிறது. முகூர்த்தப் புடவையை மணப்பெண்ணும் அம்மாவும் மாமியாரும் முடிவு செய்வார்கள். ஆனால் எப்போது கிளம்புவது என்பது பாட்டியின் முழங்காலையும் குழந்தையின் பசியையும் பொறுத்தது. அவர்கள் சோர்ந்துவிட்டால், பாதி பார்த்த நிலையிலேயே "வேற கடையும் பாத்துட்டு வரலாம்" என்று எழுந்துவிடுவார்கள். அதனால் புடவை வாங்காத இந்த இரண்டு பேருக்காகத்தான் நீ கடையைக் கட்ட வேண்டும் என்பது என் எண்ணம்.

புடவையை விரித்துக் காட்டுகிற தரை மெத்தை இல்லாமல் கவுன்டர் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். ஐந்தரை மீட்டர் புடவையை வீசிப் பிரித்தால்தான் உடலும் கரையும் முந்தானையும் சேர்ந்து கண்ணில் படும். கவுன்டரில் முந்தானையை மட்டும் காட்டி மடித்துவிடுவார்கள். மெத்தை நடுவில் இருக்கட்டும். அதைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்தில், முதுகு சாய்கிற மாதிரி இருக்கைகள் போடு. கைப்பிடியும் இருந்தால் வயதானவர்கள் தாமாக ஊன்றி எழுந்துகொள்வார்கள். வெள்ளை விரிப்பை மட்டும் தினமும் மாற்றிவிடு.

அடுத்தது வெளிச்சம். இதில் பணத்தைப் பார்க்காதே. 6500 கெல்வின் என்று எழுதிய பளீர் வெள்ளை எல்இடியைக் கடை முழுக்கப் போட்டால் ஜரிகை வெளிறிப்போகும். சாதாரண எல்இடியில் சிவப்பும் சரியாக எடுபடாது. அரக்கு மங்கும், மாம்பழ மஞ்சள் எலுமிச்சை மாதிரி ஆகிவிடும். பெண்கள் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவது இதனால்தான். கடைக்காரர் காட்டுகிற நிறத்தை நம்ப முடியவில்லை என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன அர்த்தம்? விளக்கு வாங்கும்போது சிஆர்ஐ எவ்வளவு என்று கேள், நிறத்தை உள்ளபடி காட்டுகிறதா என்பதற்கான அளவு அது. முழு அளவு 100, நீ 90-க்குக் குறையாமல் வாங்கு. ஒளியின் நிறம் 4000 கெல்வின் போதும், அது அவ்வளவு பளீரென்று இல்லாத இதமான வெள்ளை. அப்புறம், கிழக்குப் பக்க ஜன்னலைச் சுவர் வைத்து அடைக்கிறாயே, அதை அப்படியே விட்டுவிடு. அங்கே ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வைத்தால், முந்தானையைத் தோளில் போட்டுப் பகல் வெளிச்சத்திலேயே பார்த்துக்கொள்வார்கள். வெயில் நேராக அடுக்கில் விழாதபடி மட்டும் பார்த்துக்கொள், பட்டு நிறம் விட்டுவிடும். இப்போதெல்லாம் சிங்கப்பூரில் இருக்கும் அக்காவுக்கு வீடியோ காலில் காட்டித்தான் பாதிப் புடவைகள் முடிவாகின்றன. போனிலும் நிறம் ஓரளவு சரியாகத் தெரிய வேண்டுமே.

கழிப்பறையை மாடியில் போட்டிருக்கிறாய். தயவுசெய்து கீழே கொண்டு வா. மேல்நாட்டுத் தொட்டி, பிடித்துக்கொள்ளக் கம்பி, ஓயாத தண்ணீர். பக்கத்திலேயே கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கத் திரை போட்ட ஒரு மூலை. பெரிய கடையிலிருந்து பாட்டியைக் கூட்டிக்கொண்டு எதிர் ஓட்டலுக்குப் போன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். போனவர்கள் திரும்பி வருவதில்லை.

வாசலில் ஒன்றரை அடி ஏற்றம் இருக்கிறது. சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. அப்படியானால் உனக்குப் பதினெட்டு அடி வேண்டும். நேராகப் போட இடம் இல்லை, பக்கவாட்டில் சுவரை ஒட்டித் திருப்பிவிடு. குட்டையாகச் செங்குத்தாய்ப் போட்டால் சக்கர நாற்காலியைத் தள்ளுகிறவருக்கு மூச்சு வாங்கும்.

வேலை செய்யும் பெண்களுக்கு ஸ்டூல் வாங்க மறக்காதே. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டத்திலேயே திருத்தம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் நீ செய்வாய், தெரியும். காலையிலிருந்து நின்றவளால் மாலையில் ஐம்பதாவது புடவையை முகம் கோணாமல் பிரிக்க முடியாது. பிரித்ததை வந்தவர்கள் கண்ணெதிரே அவசரமாக மடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவை. மடிப்பதைப் பார்த்தால் "இன்னொண்ணு காட்டுங்க" என்று கேட்கவே அவர்களுக்குக் கூச்சம் வந்துவிடும்.

வாசலில் பாட்டுப் பெட்டி வேண்டாம். குடும்பம் கூடிப் பேச வேண்டிய இடம் அது. பானைத் தண்ணீரும் மோரும் போதும்.

சரவிளக்குக்கு முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொஞ்சம் பொறு. அந்தப் பணத்தில் நல்ல விளக்குகளும் கீழ்க் கழிப்பறையும் முடிந்துவிடும். வளைகாப்புக்கு வரும்போது வரைபடத்தை எடுத்துக்கொண்டு வா, பென்சிலால் திருத்திவிடலாம். இங்கே மெத்தைக்கு விரிப்பு தைக்கிறவரையும் காட்டுகிறேன். ஆடிக்குள் வேலை முடிந்தால்தான் ஆவணி முகூர்த்தக் கூட்டம் உனக்குக் கிடைக்கும்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
பாலு