வயிற்றுவலியை நம்பியவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். எனக்கு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை, மனைவி அதே சைட்டில் சித்தாள். எட்டாவது படிக்கும் மகன் ஊரில் ஆயாவிடம் (பாட்டியிடம்) வளர்கிறான். எங்கள் தெருவில் பல வீடுகளில் இதுதான் நடப்பு.

போன ஆடியில் ஆரம்பித்தது. யூனிஃபார்ம் போட்டு பஸ் ஸ்டாப் வரை போவான். பஸ் வரும் சத்தம் கேட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவான். ஆயா ஓமத் தண்ணீர் கொடுத்தது, மந்திரித்துக் கயிறும் கட்டியது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை, நடிக்கிறான்" என்றார்கள். நானும் நம்பினேன். அடித்தும் விட்டேன். அதை மறைத்து இந்த மடலை எழுத முடியாது.

முதல் நன்றி அவனுடைய அறிவியல் டீச்சருக்கு. வீடு தேடி வந்தவர் "ஏன்டா வரலை?" என்று கேட்கவில்லை. "எந்த இடத்துல வலிக்குது?" என்றுதான் கேட்டார். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணை எனக்கு அனுப்பியதும் அவர்தான். 2022 முதல் இருக்கிற சேவையாம், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம். (அவசரத்தில் நான் 14417-க்கு அடித்துவிட்டேன். அது பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண். அவர்களும் பொறுமையாகத்தான் பேசினார்கள்.)

14416-இல் பேசிய அம்மா, வலி வரும் நாளையெல்லாம் குறித்து வைக்கச் சொன்னார். ஆயாவுக்கு எழுதத் தெரியாது. தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவில் டாக்டர் அந்தத் தாள்களை மேசையில் பரப்பினார். பெரும்பாலும் திங்கட்கிழமை. "நீங்க ஊருக்கு எப்ப வந்து போறீங்க?" என்றார். சனி ராத்திரி வருவோம், திங்கள் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவோம். அழுவானே என்று அவன் தூங்கும்போதே கிளம்பிவிடுவோம்.

டாக்டர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பயம் வந்தால் குடலும் இறுகும், அவனுக்கு வலிப்பது நிஜம் என்று விளக்கினார். ஆலோசகர் அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: எழுப்பி, சொல்லிவிட்டுப் போங்கள், அடுத்து வரும் தேதியையும் சொல்லுங்கள்.

முதல் வாரம் அரை நாள் மட்டும் வந்தால் போதும் என்று விட்ட தலைமையாசிரியர், வலி வந்தால் அவன் பையைத் தூக்கிக்கொண்ட இரண்டு பையன்கள், ஸ்டாப்பில் ஒரு நிமிடம் கூடுதலாக நிறுத்திய டவுன் பஸ் கண்டக்டர், எல்லோருக்கும் நன்றி.

முதல் தடவை எழுப்பியபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான். பஸ்ஸை விட்டோம், அரை நாள் கூலி போச்சு. இப்போது டார்ச் அடித்துக்கொண்டு ஸ்டாப் வரை கூட வருகிறான்.

முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்த மாதமும் இரண்டு நாள் போகவில்லை. அந்த இரண்டு தாளும் ஆயாவின் டப்பாவில் இருக்கிறது.