இஞ்செக்டரை மாற்றும் முன்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேசியபோது அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்ல வேண்டியதில் பாதி அவரைப் பற்றியது. அதனால்தான் கடிதம்.

வண்டி டீசலைக் குடிக்கிறது, லிட்டருக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டவில்லை, எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் நான்கு இஞ்செக்டரையும் மெக்கானிக் மாற்றச் சொல்கிறார் என்றாய். அப்பா யோசிக்காமல் "மாற்றிவிடு" என்றார். நான் கேட்க நினைத்தது வேறு. கரும்புகை வருகிறதா? காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறதா? நின்ற இடத்தில் ஓடும்போது எஞ்சின் சீராக இல்லாமல் உதறுகிறதா? மூன்றுமே இல்லையென்றால் இஞ்செக்டர் மேல் பழியைப் போட அவசரம் வேண்டாம். ஒவ்வொரு இஞ்செக்டரிலிருந்தும் எவ்வளவு டீசல் திரும்பி வருகிறது என்று சின்னக் குழாய்களை மாட்டிப் பிடித்துப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. முதலில் அதைச் செய்யச் சொல். சோதிக்காமலே நான்கையும் மாற்றச் சொல்கிறவர் ஊகத்தில் பேசுகிறார்.

நான் ஊகத்தில் பேசவில்லை, எண்ணியிருக்கிறேன். போன தடவை உன் வண்டியில் பின்சீட்டில் வந்தேன் அல்லவா? வீட்டு வாசலிலிருந்து நெடுஞ்சாலை ஏறுவதற்குள் 31 தடவை பிரேக் மிதித்தாய். அத்தனையும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பாதிக்கு மேல், வெகு தூரத்திலேயே கண்ணில் பட்ட காரணத்துக்காக மிதித்தவை. சிவப்பு விளக்கு எரிவது பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. நீயோ அதை நோக்கி வேகம் எடுத்துக்கொண்டிருந்தாய்.

கணக்குப் போடுவது என் வியாதி, உனக்குத் தெரியும். உன் வண்டி ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ என்று வைத்துக்கொள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் ஏறியிருக்கும் ஆற்றல் ஏறக்குறைய 2 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் ஜூல் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது, மற்றது வெப்பமாகப் போய்விடும். அப்படியானால் 60-லிருந்து ஒரு முழு பிரேக் அடித்து நிற்பது, கிட்டத்தட்ட 17, 18 மில்லி டீசலைச் சாலையில் ஊற்றுவதற்குச் சமம். மருந்து மூடியில் இரண்டு மூடி. 100-லிருந்து நின்றால் 50 மில்லி, ஏனென்றால் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகிறது. அப்படி இருபது தடவை நின்றால் ஒரு லிட்டர் காலி.

வேகம் எடுக்கும்போதுதான் டீசல் செலவாகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். செலவாவது அப்போதுதான், ஆனால் வீணாவது அப்போது இல்லை. எடுத்த வேகம் வண்டியிடம் சேமிப்பாக இருக்கிறது. அதை உருட்டிச் செலவழித்தால் நமக்குத் தூரம். பிரேக்கில் தேய்த்தால் டிஸ்க் சூடாகும், அவ்வளவுதான். அதனால் ஒருவர் ஓட்டும் லட்சணத்தை நான் அவருடைய பிரேக்கில்தான் பார்ப்பேன்.

இப்போது அப்பா கதை. நீ ஹாஸ்டலில் இருந்தபோது நடந்தது. எங்கள் பழைய டீசல் வண்டியில் 240 கிலோமீட்டர் தூரம் மாதம் இரண்டு முறை போய்வர வேண்டியிருந்தது. அவர் ஓட்டினால் ஒரு கணக்கு, நான் ஓட்டினால் ஒரு கணக்கு வருகிறது என்று எனக்குச் சந்தேகம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். அதே சாலை, அதே இரண்டு பேர், அதே சாமான். ஆளுக்கு நான்கு முறை. அவருடைய சராசரி லிட்டருக்கு 14.2 கிலோமீட்டர். என்னுடையது 17.6. நேரத்தில் அவர் என்னை 11 நிமிடம் முந்தினார். அந்த 11 நிமிடத்துக்கு ஒவ்வொரு பயணத்திலும் மூன்றேகால் லிட்டர் டீசல் கூடுதலாக எரிந்திருக்கிறது. எதிர்க்காற்று என்றார். நான்கு முறையுமா என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்தப் பதினோரு நிமிடத்தில் பெரும்பகுதி அவர் 115, 120 என்று போனதால் வந்தது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 90-ல் போகிறவன் 120-க்கு ஏறினால் வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் காற்றின் எதிர்ப்பு 78 சதவீதம் கூடிவிடுகிறது. 80-க்கு மேல் போகப் போக நீ ஓட்டுவது சாலையில் இல்லை, காற்றுக்குள் என்று வைத்துக்கொள். கூரை மேல் சாமான் பெட்டி இருந்தால் இன்னும் மோசம். நீ போன விடுமுறைக்கு மாட்டிய கேரியரை இன்னும் கழற்றவில்லை என்பதையும் நான் கவனித்தேன்.

ஆனால் உன் விஷயத்தில் வேகத்தை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நீ ஓட்டக் கற்றது பெட்ரோல் வண்டியில். கற்றுக்கொடுத்தவள் நான்தான், அந்தப் பழி என்னையே சேரட்டும். பெட்ரோல் எஞ்சினை முறுக்கினால்தான் பிக்கப் வரும். அந்தப் பழக்கத்தில் நீ இந்த வண்டியையும் ஒவ்வொரு கியரிலும் 3,500 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்று) வரை கதறவிட்டு அப்புறம்தான் அடுத்த கியருக்குப் போகிறாய். டீசல் எஞ்சினின் குணமே வேறு. அதன் முழு இழுவையும் ஏறத்தாழ 1,750-லிருந்து 2,500 ஆர்பிஎம்முக்குள்ளேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் முறுக்கினால் கூடுவது சத்தமும் உள் உராய்வும். 2,000 வந்ததும் கியரை மாற்று. ஏற்றத்தில் போனால், முந்த வேண்டியிருந்தால், 2,500. அவ்வளவு போதும்.

இதைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் ஐந்தாவது கியரில் இழுக்கலாம் என்று கிளம்பிவிடாதே. 1,200-க்குக் கீழே முள் இருக்கும்போது அழுத்தி மிதித்தால் வண்டி முனகும், உடம்பெல்லாம் அதிரும். அந்த அதிர்வை வாங்கிக்கொள்வது எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவில் இருக்கும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம். அதை மாற்றுகிற செலவில் பல மாத டீசல் வாங்கலாம். முனகினால் ஒரு கியர் இறக்கு. காதை விடச் சிறந்த மீட்டர் இல்லை.

டீசல் எஞ்சினில் எனக்குப் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், அலுக்காமல் கேள். பெட்ரோல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்று வரும் வழியை ஒரு மூடி பாதி அடைத்துக்கொள்கிறது. அடைத்த மூக்கால் மூச்சு விடுகிற மாதிரி, அந்தச் சிரமத்துக்கே கொஞ்சம் எரிபொருள் போகும். டீசலில் சக்தியைக் கூட்டுவதும் குறைப்பதும் காற்றை அடைத்து அல்ல, தெளிக்கும் டீசலின் அளவை வைத்து. நீ குறைவாகக் கேட்டால் அது உண்மையிலேயே குறைவாகத்தான் செலவழிக்கும். ருடால்ஃப் டீசல் 1897-ல் சோதித்துக் காட்டிய எஞ்சினே எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி எஞ்சின்களில் பெரும்பாலானவை பத்தில் ஒரு பங்கைச் சுற்றியே இருந்தன. பிறவியிலேயே சிக்கனமான எஞ்சின் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு 13 கொடுக்கிறது என்று அழுகிறாய்.

அப்புறம் நியூட்ரல். இது அப்பாவின் நம்பிக்கை, உனக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, டீசல் மிச்சம் என்று புன்னகைப்பார். உண்மை நேர்மாறு. கியரில் இருக்கும்போதே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இப்போதைய டீசல் வண்டிகளில் கம்ப்யூட்டர் இஞ்செக்டரை முழுதாக நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றுகிறது, ஒரு சொட்டு டீசல் போகாது. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க அது டீசல் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். அது போக, நீண்ட மலை இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்துவது இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால், அது சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். மிச்சமாகாத டீசலுக்கு உயிரைப் பணயம் வைப்பதா?

தூரத்தில் சிவப்பு விளக்கைப் பார்த்தால் செய்ய வேண்டியதும் இதுவே. காலை எடு, கியரிலேயே உருள விடு. பல நேரம் நீ போய்ச் சேர்வதற்குள் பச்சை விழுந்துவிடும். நின்று கிளம்புகிற வண்டிக்கும் 30-ல் உருண்டு வந்து கிளம்புகிற வண்டிக்கும் உள்ள வித்தியாசம் நகர ஓட்டத்தில் பாதிக் கணக்கு. அதற்கு முன்வண்டிக்கும் உனக்கும் இடைவெளி வேண்டும். நீ ஒட்டிக்கொண்டே போகிறாய், அதனால் அவர் செய்யும் ஒவ்வொரு தவறுக்கும் நீ பிரேக் மிதிக்கிறாய்.

காலை நேரத்தைப் பற்றியும் கொஞ்சம். ஸ்டார்ட் செய்துவிட்டு, எஞ்சின் சூடாகட்டும் என்று பத்து நிமிடம் நிறுத்திவைக்கிறாய். நின்று ஓடும் டீசல் எஞ்சின் வீணாக்கும் வெப்பம் மிகக் குறைவு, அதனால் பத்து நிமிடத்தில் அது சூடாகவும் ஆகாது. அரை நிமிடம் போதும். கிளம்பி, முதல் சில கிலோமீட்டருக்கு 2,000-ஐத் தாண்டாமல் மெதுவாகப் போ. ஓடினால்தான் சூடேறும்.

உன் அலுவலகம் 4 கிலோமீட்டர் என்பதுதான் எனக்கு உண்மையான கவலை. எஞ்சின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுகிறது. புகைக்குழாயில் கரித்தூளைப் பிடித்துவைக்க ஒரு வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். சேர்ந்த கரியை எரித்துத் தள்ள ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். அதை உண்டாக்க வண்டியே கூடுதலாக டீசலைத் தெளிக்கும். அந்த நேரம் திரையில் மைலேஜ் திடீரென்று சரியும், நின்ற இடத்தில் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறியிருக்கும், விசிறி இரைந்து ஓடும். நீ ஆபீஸ் வாசலில் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறாய். வேலை பாதியில் நின்றுபோகிறது. அடுத்த நாள் மறுபடி முதலிலிருந்து, மறுபடி கூடுதல் டீசல். எரியாத டீசல் கொஞ்சம் எஞ்சின் ஆயிலிலும் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பார், அளவு முன்பை விட ஏறியிருந்தால் அதுதான் சங்கதி. எனக்கென்னவோ உன் 13-க்குப் பின்னால் இதுவும் ஒளிந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. வாரத்தில் ஒரு நாள் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓட்டிவிட்டு வா. வடிகட்டி வேலையை நடுவில் ஆரம்பித்தால் முடியும்வரை அணைக்காதே. அந்தத் தூரத்துக்கு நடந்தே போகலாம் என்பதும் என் கருத்து. ஆனால் அதை நீ கேட்க மாட்டாய்.

டயர் காற்று முக்கியம், ஆனால் அதிசயம் எதுவும் நடக்காது. நான்கிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் அளவுக்குத்தான் விழும். எட்டு பத்து குறையவிட்டு ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது உறைக்கும். ஏசி பற்றி உன்னோடு சண்டைக்கு வரவில்லை, வியர்த்து வடிந்துகொண்டு யாரும் நிதானமாக ஓட்ட முடியாது.

அந்த 13 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று நீ சொல்லவில்லை. திரையில் பார்த்ததா? அது வண்டி தானே தனக்குப் போட்டுக்கொள்ளும் மார்க். டேங்கை ஆட்டோ கட் ஆகும்வரை நிரப்பு, கிலோமீட்டரைக் குறித்துக்கொள். அடுத்த முறையும் முடிந்தால் அதே பம்பில் அதே மாதிரி நிரப்பி, ஓடிய தூரத்தை இப்போது பிடித்த லிட்டரால் வகு. ஒரு தடவை போதாது, மூன்று தடவை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். 10-லிருந்து 12-க்கு ஏறினால் 1,000 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 17 லிட்டர் மிச்சம். 18-லிருந்து 20-க்கு ஏறினால் ஐந்தரை லிட்டர்தான். இரண்டுமே இரண்டு கிலோமீட்டர் முன்னேற்றம்தான். ஆக, உன்னைப் போல் கீழே இருப்பவர்களுக்குத்தான் லாபம் அதிகம்.

மூன்று டேங்க் ஓட்டிவிட்டு எண்களை எனக்கு அனுப்பு. அப்போதும் 13-ஐத் தாண்டவில்லை என்றால் மெக்கானிக்கிடம் போ, நானே கூட வருகிறேன். பழைய நோட்டில் பக்கம் மிச்சம் இருக்கிறது, உனக்கும் ஒரு பத்தி போட்டுவைத்திருக்கிறேன்.

கடிதத்தை மடிக்கும் முன் அப்பா வந்து படித்துவிட்டார். நான்கு முறையும் எதிர்க்காற்று அடித்தது உண்மை, அதையும் எழுது என்கிறார். எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா