தனுஷ்கோடியில் கதை சொல்ல ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராமேசுவரம் வரும் வடமாநில யாத்ரீகர்களுக்காக தனுஷ்கோடியில் இந்தித் தகவல் பலகைகள் வைக்க வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பலகை வரட்டும். ஆனால் போன மாதம் அங்கே நான் பார்த்ததைச் சொல்லியாக வேண்டும்.

இடிந்த சர்ச்சுக்குப் பக்கத்தில் சிப்பி மாலை விற்கும் அம்மாவிடம், பீகாரிலிருந்து வந்த ஒரு குடும்பம் என்ன நடந்தது என்று கேட்டது. அவருக்குத் தெரிந்த இந்தி, விலை சொல்லும் அளவுக்குத்தான். புயலில் கடல் பொங்கி ஊரையும் ஒரு ரயிலையும் அழித்த இரவு, 1964 டிசம்பர் 22 என்றெல்லாம் அவர் ஆரம்பிக்கவில்லை. ஒரு மாலையை மணலில் நீளமாக வைத்து, 'ரயில்' என்றார். கண்ணை மூடிக் காட்டி, 'ராத்' (இரவு) என்றார். அப்புறம் இரண்டு கையாலும் மணலை வாரி மாலையை மூடிவிட்டு, 'பானி... சப் கயா' (தண்ணீர்... எல்லாம் போச்சு) என்றார். அந்தக் குடும்பத்துப் பாட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, 'கோசி, கோசி' என்றார். பீகாரில் வெள்ளம் வந்து ஊர்களை அழிக்கும் ஆறு அது. பிறகு இருவரும் அவரவர் மொழியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். மணலுக்குள் கைவிட்டு மாலையை எடுத்துக் கொடுத்தான் பேரன்.

எங்கள் கரைக்கு இது பழக்கமான வித்தைதான். கீழக்கரை வள்ளல் சீதக்காதி கேட்டுக்கொண்டதால் உமறுப்புலவர் பாடத் தொடங்கியது சீறாப்புராணம். நபிகள் நாயகத்தின் வரலாறு. ஆனால் அவர் காட்டும் அரபு நாட்டில் மழை பெய்கிறது, ஆறு ஓடுகிறது, வயலில் நாற்று நடுகிறார்கள். பாலைவனத்தில் ஏது நெல் என்று கேட்கலாம். கதை கேட்பவர் நெல் விளையும் ஊர்க்காரர். அவருக்குச் செழிப்பு என்றால் வயல்தான்.

2017-இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு, வேன்கள் நேராக முனைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகின்றன. மாவட்ட நிர்வாகமும் சுற்றுலாத் துறையும் அங்கே கடை போட்டிருக்கும் பெண்களையும் மீனவ இளைஞர்களையும் கதைசொல்லிகளாக அமர்த்தி, நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். இந்தியிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் நாலு வார்த்தை கற்றுக்கொடுத்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு முன் அந்த இரவைக் கண்ணால் பார்த்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டு வைக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படிச் சொல்ல மூன்று பேர் இருந்தார்கள். இப்போது ஒருவர்தான் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாம்பன்.